தாராளவாதமும் அதற்கெழுந்த எதிர்ப்பும்: செட்டிநாடும் பர்மாவும் தரும் பாடம்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களின் மாளிகைகளைக் காண வருவோர், அங்கு நிமிர்ந்து நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டு வியப்பது வழக்கம். தூண்களின் பருமனை அளப்போர் பலர். அவை எந்தச் சட்டத்தின் துணையோடு கடல் கடந்து வந்தன என்று வினவுவோர் மிகச் சிலரே. செட்டிநாட்டின் செல்வ வரலாற்றை நகரத்தாரின் உழைப்பு, சிக்கனம், நாணயம் ஆகிய பண்புகளைக் கொண்டே விளக்கிவிடுவது பொதுவான மரபு. அப்பண்புகள் உண்மையானவை. ஆயினும் பண்புகள் மட்டுமே கடல் கடந்ததொரு நிதியமைப்பை எழுப்பிவிட மாட்டா. அதற்கிசைந்த சட்ட ஒழுங்கும் வேண்டும். அந்த ஒழுங்கை ஈன்ற கொள்கையே தாராளவாதம்.

தாராளவாதம் என்னும் சொல் இன்று நம்மிடையே பெரும்பாலும் ஆடை, குடும்பம், சமயம் பற்றிய விவாதங்களிலேயே எடுத்தாளப்படுகின்றது. அதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிய மக்களின் வாசலுக்கு அது வந்தபோது பூண்டிருந்த கோலம் வேறு. நிலத்தைத் தடையின்றி விற்கலாம். கடனுக்கு எவ்வளவு வட்டியும் பேசிக்கொள்ளலாம். விளைபொருளை எந்நாட்டுக்கும் அனுப்பலாம். கையொப்பமிட்ட உடன்பாட்டை அரசு நிறைவேற்றித் தரும். இவையே அது கொண்டுவந்த செய்திகள். இந்தப் பொருளியல் தாராளவாதம் எவ்வாறு எழுந்தது, அதன் நிழலில் செட்டிநாடு எவ்வாறு தழைத்தது, அதற்கெதிராகப் பர்மாவில் மூண்ட சினம் இறுதியில் யார்மீது விழுந்தது என்பவற்றை இங்கு ஆராய்வோம். இவ்வரலாறு முஸ்லிம்களாகிய நமக்கு இரண்டு வகையில் நெருக்கமானது. வட்டி பற்றிய ஷரீஅத்தின் நிலைப்பாட்டை நடப்புலகில் வைத்துப் பார்க்க அது இடந்தருகின்றது. அந்தச் சினத்துக்கு இரையானவர்களுள் நம்மவர் மிகுதி என்பது மற்றொன்று.

வட்டிக்குக் கிடைத்த விடுதலை

ஐரோப்பாவில் தாராளவாதம் ஒரு விடுதலைக் குரலாகவே பிறந்தது. பிறப்பினால் வரும் சலுகை, மன்னனின் தன்விருப்ப ஆணை, வணிகக் குழுக்களின் ஏகபோகம் ஆகியவற்றுக்கு எதிராக ஜான் லாக் முதல் ஜான் ஸ்டூவர்ட் மில் வரையிலான சிந்தனையாளர்கள் தனிமனித உரிமையை முன்னிறுத்தினர். 1776இல் ஆதம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' வெளிவந்தது. 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்திய வணிக ஏகபோகத்தை இழந்ததிலும், 1833இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டதிலும் இச்சிந்தனைக்குப் பங்குண்டு. ஒரு கொள்கையின் நன்மையை ஒப்புக்கொள்ளத் தயங்குவோர் அதன் தீமையை எடுத்துரைக்கும் தகுதியையும் இழந்துவிடுகின்றனர்.

இக்கொள்கை வட்டியைத் தொட்ட இடமே நமது ஆய்வுக்கு முக்கியமானது. இடைக்காலத் திருச்சபை வட்டியைத் தடை செய்திருந்தது. பிற்கால இங்கிலாந்து அதனை அனுமதித்தபோதும் சட்டத்தால் உச்சவரம்பு கட்டியிருந்தது. சந்தையின் தந்தையாகப் போற்றப்படும் ஆதம் ஸ்மித்தும் அவ்வரம்பு தேவை என்றே கருதினார். 1787இல் ஜெரமி பெந்தம் அவரை மறுத்து வட்டிக்காக வாதாடும் நூலொன்றை எழுதினார். அறிவுத் தெளிவுள்ள ஒருவர் தன் விருப்பத்தோடு தனக்கு நலம் என்று கருதும் நிபந்தனையில் கடன் பெறுவதை அரசு தடுக்கலாகாது என்பதும், பண்டங்களின் விலைக்கு வரம்பில்லாதபோது பணத்தின் விலைக்கு மட்டும் வரம்பு ஏன் என்பதும் அவரது வாதத்தின் சாரம். பெந்தம் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1854இல், இங்கிலாந்து தன் வட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை நீக்கியது. மறு ஆண்டே, 1855இல், இந்தியாவிலும் அவை நீக்கப்பட்டன.

பெந்தமின் வாதம் திருக்குர்ஆனை ஓதுவோருக்குப் புதியதன்று. வணிகமும் வட்டியும் ஒன்றே என்று வாதிட்டோரைப் பற்றி அல்பகரா அத்தியாயம் பேசுகின்றது. வணிகத்தை ஆகுமாக்கிய இறைவன் வட்டியை விலக்கினான் என்று அவர்களுக்கு விடையளிக்கின்றது. இலண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட வாதம் மக்காவின் சந்தைகளில் ஏற்கெனவே பேசப்பட்டதுதான். இந்தியாவின் பிற மரபுகளும் கடன் கொடுப்போரைக் கட்டின்றி விட்டதில்லை. ஒரே வேளையில் வசூலிக்கும் வட்டி அசலை விஞ்சலாகாது என்பது இந்து தருமசாத்திரம் வகுத்த விதி. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் நின்ற சிந்தனைக்கு இத்தகைய வரம்புகள் பழைய காலத்தின் மிச்சங்களாகவே தோன்றின.

பர்மாவில் புதிய ஒழுங்கு

அக்கொள்கையை முழு அளவில் செயற்படுத்திப் பார்க்கத் தக்க களமாக ஆங்கிலேயருக்குக் கீழ்ப் பர்மா வாய்த்தது. 1824இல் தொடங்கிய முதற்போரில் அரக்கானும் தெனாசரிமும், 1852ஆம் ஆண்டுப் போரில் ஐராவதி ஆற்றின் கழிமுகப் பகுதியும், 1885இல் எஞ்சிய நாடு முழுவதும் அவர்கள் வசமாயின. பர்மிய மன்னர்கள் அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதித்திருந்தனர். விளைச்சல் பொய்க்கும் ஆண்டில் மக்கள் பட்டினி கிடக்கலாகாது என்பது அத்தடையின் நோக்கம். தாராள வணிகத்தின் பெயரால் அத்தடை அகன்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஐரோப்பாவுக்கான கடல்வழி குறுகியது.

1876ஆம் ஆண்டின் கீழ்ப் பர்மா நில வருவாய்ச் சட்டம் நிலவுடைமைக்குப் புது வடிவம் தந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நிலத்தைத் தொடர்ந்து அனுபவித்து வரி செலுத்திய உழவன் அந்நிலத்துக்கு நிலையான உரிமையாளன் ஆனான். அவ்வுரிமை வழிவழியாக இறங்கும். விற்கவும் அடகு வைக்கவும் கூடியது. சிறு உழவர்கள் நிறைந்த நாட்டை உருவாக்குவதே சட்டம் இயற்றியோரின் எண்ணம். ஆனால் விற்கக்கூடிய நிலம் கடனுக்கு ஈடாகக்கூடிய நிலமும் ஆகும். ஈடாகும் நிலம் கைமாறவும் கூடும். உழவனை உரிமையாளனாக்கிய அதே விதியில் அவனை நிலமற்றவனாக்கும் வழியும் அடங்கியிருந்தது.

தொடக்கத்தில் கிட்டிய பயன் பெரிது. 1850களில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மாவின் நெற்பரப்பு 1930களில் 80 இலட்சத்தைக் கடந்தது. சதுப்பும் காடுமாகக் கிடந்த கழிமுகம், உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. காட்டை வெட்டி, அணை கட்டி, மாடு வாங்கி, அறுவடை வரை குடும்பத்தைக் காக்க உழவனுக்கு முன்பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் சேற்றில் இறங்கிக் கடன் கொடுக்க ஆயத்தமாக இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களே செட்டிநாட்டு நகரத்தார்.

லேவாதேவியின் அமைப்பு

நகரத்தாரின் கடன் தொழிலைத் தனிமனிதப் பேராசையின் கதையாகச் சுருக்குவது அறியாமை. அது நுட்பமாக ஒழுங்கு செய்யப்பட்டதொரு நிதியமைப்பு. செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி தன் முதலோடு உறவினரின் வைப்புப் பணத்தையும் திரட்டுவார். கடைப்பொறுப்பை ஏற்கும் மேலாள் மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறுவார். அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் தொழில் கற்பர். இரங்கூனின் மொகல் தெருவில் நிறைந்திருந்த நகரத்தார் கடைகள் வங்கிகளிடமும் ஒருவர்க்கொருவரும் பணம் பெற்றுக் கழிமுகத்தின் சிற்றூர்வரை கொண்டு சேர்த்தன. மாதந்தோறும் கூடித் தமக்குள் நடப்பு வட்டியை அவர்கள் நிர்ணயித்தனர். கணக்கில் பிழை பொறுக்காத நேர்மையும் சொல் தவறாமையும் அத்தொழிலின் அடித்தளங்கள்.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு இத்தொழிலை விரிவாக ஆராய்ந்தது. அந்நாட்டில் நகரத்தார் ஈடுபடுத்திய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்களவு உழவரைச் சென்றடைந்திருந்தது. நல்ல நிலத்தை ஈடாகக் கொண்ட கடனுக்கு அவர்கள் பெற்ற வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காட்டை ஒட்டியது. மற்றக் கடன்காரர்கள், பர்மியரும் உட்பட, பலவிடங்களில் அதனினும் கூடுதலாகப் பெற்றனர். நகரத்தார் நிலத்தை விரும்பியவர்களும் அல்லர். நிலத்தில் முடங்கிய பணம் சுழலாத பணம். கடல் கடந்து போய் உழவு பார்க்க அவர்களுக்கு அவாவில்லை. ஆகவே, பிற்காலத்தில் நேர்ந்த அழிவை ஒரு சமூகத்தின் கொடுமனத்தால் விளைந்ததென்று எழுதுவோர் சான்றுகளைப் புறக்கணிக்கின்றனர். கொடுமனம் யாருக்கும் இல்லாதபோதும் கொடுமை விளையக்கூடும் என்பதே இவ்வரலாற்றின் கனமான செய்தி.

விலை வீழ்ந்தபோது

1929இன் இறுதியில் நியூயார்க்கில் தொடங்கிய பெருமந்தம் 1930இல் கழிமுகத்து நெல்லை வந்தடைந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. விளைச்சலில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை, உழவனின் நடத்தையிலும் பிழையில்லை. ஆயினும் நூறு கூடை நெல் விற்றுக் கட்டக்கூடியதாயிருந்த கடனுக்கு இப்போது இருநூறு கூடைக்கு மேல் தேவைப்பட்டது. கடன் பத்திரத்தில் எழுதப்பட்டது ரூபாய்க் கணக்கு. நெல்லின் கணக்கு அன்று. உலகச் சந்தையின் வீழ்ச்சி முழுவதும், ஒரு காசும் குறையாமல், உடன்பாட்டின் ஒரு தரப்பின் தலையிலேயே இறங்கியது.

அதன் பயன் எண்களில் தெரிகின்றது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் வசமிருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர். மொத்த நிலத்தில் 6 விழுக்காடு. 1938இல் அது 24,68,000 ஏக்கராயிற்று. மொத்தத்தில் 25 விழுக்காடு. எட்டே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேற்பட்ட இப்பெருக்கம் எவரும் திட்டமிட்டதன்று. வட்டி வராத கடனுக்கு ஈடு வந்தது, அவ்வளவே. நீதிமன்றங்கள் சட்டப்படியே தீர்ப்பளித்தன. பத்திரங்கள் செல்லத்தக்கவை, கையொப்பங்கள் உண்மையானவை. உழவன் தன் தந்தை காடு வெட்டித் திருத்திய நிலத்தில் குத்தகையாளாகவோ கூலியாளாகவோ நின்றான். செட்டிநாட்டில் வைப்புப் பணத்தை நம்பியிருந்த குடும்பங்களும் இடர்ப்பட்டன. அவர்களது முதல் விற்கமுடியாத வயல்களாக உறைந்துபோயிற்று. இரு தரப்பும் இழந்த இவ்வேற்பாட்டில் சட்டத்தின் ஒரு சொல்லேனும் மீறப்படவில்லை.

எதிர்ப்பின் மூன்று முகங்கள்

இந்த ஒழுங்குக்கு எழுந்த எதிர்ப்பு ஒரே வகைப்பட்டதன்று. அதன் முதல் முகம் அரசின் உள்ளிருந்தே தோன்றியது. 1875இல் புனே, அகமதுநகர் மாவட்டங்களின் உழவர்கள் வட்டிக்காரரின் கடன் பத்திரங்களைத் தேடிப் பிடுங்கித் தீயிட்டனர். அதன் விளைவாக 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தின் வாசகத்தைக் கடந்து கடனின் உண்மை வரலாற்றை ஆராய நீதிமன்றங்களுக்கு அது அதிகாரம் அளித்தது. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில மாற்றுச் சட்டம் உழவரின் நிலம் உழவரல்லாதார் கைக்குப் போவதைத் தடுத்தது. 1918இல் மிகைவட்டிக் கடன் சட்டம் வந்தது. 1855இல் பெந்தமின் வாதத்துக்கு வழிவிட்ட அதே ஆட்சி அறுபது ஆண்டுகளில் அதிலிருந்து படிப்படியாகப் பின்வாங்கியது. பர்மாவுக்கும் நில மாற்றுச் சட்ட வரைவுகள் பலமுறை எழுதப்பட்டன. கடன் வற்றிவிடும், நெல் ஏற்றுமதி குன்றிவிடும் என்ற அச்சத்தால் அவை ஒவ்வொன்றாகக் கிடப்பில் போடப்பட்டன.

இரண்டாம் முகம் உழவரின் கிளர்ச்சி. 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சயா சான் என்பவரின் தலைமையில் அது வெடித்தது. நிலமும் விலையும் இழந்த நிலையிலும் ஆண்டுதோறும் மாறாத தொகையாகச் செலுத்த வேண்டியிருந்த தலைவரி உழவரை மிகவும் வாட்டியது. தன்னை மன்னராக முடிசூட்டிக்கொண்ட சயா சான் பழைய அரசை மீட்பதாக அறிவித்தார். குண்டுகளுக்கு எதிராகத் தாயத்துகளை நம்பிய அவ்வுழவர் படை அழிக்கப்பட்டது. 1931 நவம்பரில் சயா சான் தூக்கிலிடப்பட்டார். பிற்கால ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1976இல் வெளிவந்த தம் நூலில் இக்கிளர்ச்சியை ஆராய்ந்தார். விளைச்சலின் ஏற்றத்தாழ்வைக் கருதாமல் நிலைத்த தொகையாகக் கேட்கப்படும் வரியும் வட்டியுமே உழவரின் நீதியுணர்வைப் புண்படுத்தின என்பது அவர் கருத்து. இக்கருத்தின் முக்கியத்துவத்தைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாம் முகம் நகர்ப்புறத் தேசியவாதம். 1930களில் தக்கின் இயக்கம் வலுப்பெற்றது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து நிருவாக வகையில் பிரிக்கப்பட்டது. தொடர்ந்து 1939 முதல் 1941 வரையிலான காலத்தில் குத்தகை, நிலமாற்று, நிலக்கொள்முதல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை நடைமுறைக்கு வருமுன் போர் வந்தது. 1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன; இலட்சக்கணக்கான இந்தியர் மலைவழிகளில் நடந்தே தாயகம் நோக்கி வந்தனர்; வழியில் மாண்டோர் பல்லாயிரவர். 1948 ஜனவரியில் விடுதலை பெற்ற பர்மா அவ்வாண்டே நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது. வாக்களிக்கப்பட்ட இழப்பீடு பெரும்பாலோர் கைக்கு எட்டவில்லை. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கிய பின்னர், எஞ்சியிருந்த இந்தியருள் மூன்று இலட்சம் பேரளவில் வெளியேறினர். தமிழகத்தின் பல ஊர்களிலுள்ள பர்மா காலனிகளும் சென்னையின் பர்மா பஜாரும் அவ்வெளியேற்றத்தின் நினைவுகள்.

சினம் விழுந்த இடம்

எதிர்ப்பின் நியாயத்தை ஏற்கும் நாம் அது சென்றடைந்த இடத்தையும் பார்த்தாக வேண்டும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இந்தியர் சுமார் 10 இலட்சம். அவருள் நகரத்தார் சில ஆயிரவரே. மற்றையோர் துறைமுகக் கூலிகள், அரிசி ஆலைத் தொழிலாளர், சிறு கடைக்காரர், எழுத்தர், படகோட்டிகள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற முஸ்லிம்கள் அங்குச் சோழியர் என்று அழைக்கப்பட்டனர். அவர்களது பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் இரங்கூனில் இன்றும் உள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரு காணி நிலத்தையும் அடகு பிடித்தவர் அல்லர்.

எனினும் அடி முதலில் அவர்கள்மீதே விழுந்தது. 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளருக்கும் அவர்களுக்கு மாற்றாக அமர்த்தப்பட்ட பர்மியருக்கும் இடையே மூண்ட மோதல் பெருங்கொலையில் முடிந்தது. இரு புறமும் கூலி மக்களே. 1938 ஜூலையில் நடந்தது அதனினும் கொடிது. பர்மிய முஸ்லிம் ஒருவர் 1931இல் எழுதி, பின்னர் மறுபதிப்பான நூலொன்றில் புத்தர் இழிவுபடுத்தப்பட்டதாகக் குற்றஞ்சாட்டிச் சுவேடகோன் ஆலய வளாகத்தில் கண்டனக் கூட்டம் கூடியது. அங்கிருந்து புறப்பட்ட கூட்டம் இந்திய முஸ்லிம்களைத் தாக்கியது. கலகம் நாட்டின் பல நகரங்களுக்கும் பரவியது. கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசு அமைத்த விசாரணைக் குழு 1939இல் அளித்த இறுதி அறிக்கை, அந்நூல் ஒரு சாக்கு என்பதையும், நிலமிழப்பு உள்ளிட்ட பொருளியல் மனக்குறைகளும் பத்திரிகைகளின் தூண்டுதலும் பின்னின்று இயங்கியதையும் எடுத்துக்காட்டியது.

நெல்லின் விலையை நிர்ணயித்த இலண்டன் தரகனும், சட்டம் இயற்றிய அதிகாரியும், வட்டிக்கு மேல் வட்டி ஏறிய கணக்கேடும் தாக்குவோரின் கைக்கெட்டாத தொலைவில் இருந்தன. தெருமுனையில் தேநீர் விற்றவரும் துணி விற்றவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனர். தாராளவாத ஒழுங்கு கடனாளியின் முகத்தைப் பார்க்க மறுத்துப் பத்திரத்தை மட்டும் பார்த்தது. அதன் எதிரிகளோ மனிதனின் செயலைப் பார்க்க மறுத்து அவனது இனத்தையும் சமயத்தையும் மட்டும் பார்த்தனர். இரண்டிலும் தனிமனிதன் காணாமற்போனான். அன்று விதைக்கப்பட்ட பகை 1948உடன் முடியவுமில்லை. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்கும், 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டதற்கும் காரணங்கள் பல. எனினும் அவர்களை வந்தேறிகள் என்று பழிக்கும் சொல்லாடலின் வேர் காலனியக் காலத்தின் இந்திய எதிர்ப்பில் ஓடுகின்றது.

ஷரீஅத்தின் அளவுகோல்

இவ்வரலாற்றை நிறுத்துப் பார்க்க எந்தத் துலாக்கோலைக் கையாள்வது? வணிகத்தையே வெறுக்கும் துலாக்கோல் இஸ்லாத்தில் இல்லை. நபி (ஸல்) அவர்களே வணிகப் பயணம் மேற்கொண்டவர்கள். தனியுடைமை, இரு தரப்பின் மனவிருப்பம், எழுத்தில் பதிந்த கடன், சாட்சியம் ஆகியவற்றை ஷரீஅத் உறுதிப்படுத்துகின்றது. கடனை எழுதிவைப்பது பற்றிய நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்திலேயே உள்ளது. உடன்பாட்டின் சுதந்திரம் என்ற அளவில் தாராளவாதத்தோடு நமக்குப் பெரும் பிணக்கில்லை.

பிணக்கு, இழப்பை யார் சுமப்பது என்ற கேள்வியில் எழுகின்றது. முளாரபா என்னும் கூட்டு வணிகத்தில் முதலீட்டாளர் இலாபத்தில் பங்கு பெறுகின்றார். தொழில் நட்டமுற்றால் முதலின் இழப்பு அவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இருவரும் ஒரே காற்றுக்கு ஆளாகின்றனர். வட்டிக் கடனில் கடன் கொடுத்தவரின் வருவாய் உறுதி. காற்று கடனாளியின் பக்கம் மட்டுமே வீசும். விளைச்சலில் பங்கு என்ற முஸாரஆ ஒப்பந்தத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதனை ஏற்கவில்லை; அவருடைய மாணவர்கள் அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) ஆகியோர் அனுமதித்தனர். தமிழகக் கடற்கரையில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹப், மரங்களைப் பராமரிக்கும் முஸாகாத் ஒப்பந்தத்தோடு இணைந்த நிலையில் மட்டும் அதற்கு இடந்தருகின்றது. விளையாத நிலத்துக்கு ஒருவன் கொடுமைக்குள்ளாகிவிடலாகாது என்ற கவலை இவ்விவாதம் நெடுகிலும் இழையோடுகின்றது.

அரசின் வரியிலும் அதே கவலை வெளிப்பட்டது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக அபூயூசுஃப் (ரஹ்) எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூல், நிலத்துக்கு நிலைத்த தொகை விதிப்பதை விட விளைச்சலில் விகிதாசாரப் பங்கு பெறுவதே அரசுக்கும் உழவனுக்கும் உகந்தது என்று அறிவுறுத்தியது. தாராவடி உழவர்களின் குமுறலை ஆராய்ந்து ஜேம்ஸ் ஸ்காட் கண்ட முடிவு, எட்டாம் நூற்றாண்டின் பக்தாதில் ஒரு காழியால் ஆட்சியாளருக்கு அறிவுரையாகச் சொல்லப்பட்டிருந்தது.

ஒப்பந்தத்துக்குப் பின்னரும் ஷரீஅத் கைவிடுவதில்லை. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருவது கட்டளை. தள்ளுபடி செய்வது மேலான அறம். ஸகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒரு வகையினர். கடனாளியின் வீழ்ச்சியைச் சமுதாயம் தன் பொதுச் செல்வத்தால் தாங்க வேண்டும் என்பதே இதன் பொருள். 1930இல் கழிமுகத்தின் உழவனுக்கு வேண்டியிருந்தது இந்த அவகாசம்தான். பத்திரத்தின் எழுத்தில் அதற்கு இடமில்லை.

அதே ஷரீஅத் எதிர்ப்பவனுக்கும் எல்லை வகுக்கின்றது. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது திருக்குர்ஆனில் பலமுறை வலியுறுத்தப்படும் கோட்பாடு. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நீதியிலிருந்து விலகத் தூண்டிவிடலாகாது என்பதும் அதன் எச்சரிக்கை. 1938இல் எரிந்த கடைகளின் உரிமையாளர்களுக்கும் அடகில் போன வயல்களுக்கும் இடையே ஒரு பத்திரத்தின் தொடர்புகூட இல்லை. அவர்கள் ஏற்றிருந்த சமயமும் பேசிய மொழியுமே அவர்களைக் குற்றவாளிகளாக்கின. வட்டிக்கு எதிரான வேதமே கூட்டுப்பழிக்கும் எதிரானது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

இங்கு நமக்குரிய ஓர் உண்மையையும் கூறியாக வேண்டும். பர்மாவுக்குச் சென்ற தமிழ் முஸ்லிம் வணிகரும் அதே துறைமுகங்களையும், அதே சட்டப் பாதுகாப்பையும், அதே பேரரசின் கப்பல் வழிகளையும் பயன்படுத்தியவர்களே. வட்டி வாங்காமல் ஒதுங்கியிருந்தோரும் அந்த ஒழுங்கின் நன்மைகளில் பங்கு பெற்றனர். ஆகவே, நகரத்தாரைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் தூயவர் என்று நகர்ந்துவிடுவது நேர்மையாகாது.

இன்றைய பொருத்தம்

1991இல் இந்தியா பொருளாதாரத் தாராளமயத்தை ஏற்றபோது, வர்த்தகத் துறையின் அமைச்சர் பொறுப்பில் இருந்தவர் கானாடுகாத்தானில் பிறந்து சிவகங்கைத் தொகுதியிலிருந்து தேர்வான ப. சிதம்பரம். உரிமம், அனுமதி, ஒதுக்கீடு என்று தொழிலை இறுக்கியிருந்த கட்டுகள் பல அப்போது தளர்ந்தன. அதன் பயன்களை மறுக்க முடியாது. கடனும் முன்னெப்போதையும் விட எளிதாகச் சிற்றூர்வரை சென்றது. கடனோடு சேர்ந்து பழைய கேள்வியும் சென்றது.

தமிழக அரசு 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டத்தை இயற்றியது. ஆனாலும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையைக் காரணங்காட்டி, இரண்டு குழந்தைகள் உட்பட ஒரு குடும்பத்தினர் நால்வர் தீயில் மாண்டனர். ஏழைப் பெண்களுக்கான நுண்கடன் நிறுவனங்களின் வசூல் முறைகளைக் கட்டுப்படுத்த ஆந்திரப் பிரதேச அரசு 2010இல் அவசரச் சட்டம் பிறப்பித்தது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது. 1879இன் தக்காணச் சட்டம் தொடங்கி 2025 வரை ஒரே காட்சி மீண்டும் மீண்டும் அரங்கேறுகின்றது. உடன்பாட்டுக்கு முழு விடுதலை தருகின்றோம். ஒரு தரப்பு அழிகின்றது. பின்னர் சட்டம் விரைந்தோடி வருகின்றது. வசூலின் வன்மையைச் சட்டங்கள் தண்டிக்கின்றன. இழப்பைப் பங்கிடாத ஒப்பந்தத்தின் அமைப்பை அவை பெரும்பாலும் தொடுவதில்லை.

இந்நிலையில் முஸ்லிம் சமுதாயத்தின் கடமை, வட்டி விலக்கப்பட்டது என்று மிம்பரில் அறிவிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஜமாஅத்துகளின் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடனை எந்த அளவு வழங்குகின்றன, திரும்பச் செலுத்த இயலாதவருக்கு அவகாசம் தரும் முறை அவற்றில் உண்டா, ஸகாத் நிதியில் கடன்பட்டோரின் பங்கு உரியவாறு ஒதுக்கப்படுகின்றதா, அண்டையில் வாழும் பிற சமயத்து ஏழைக்கு அந்தக் கதவு திறந்திருக்கின்றதா என்பவையே நமது கொள்கையின் உண்மையைச் சோதிக்கும் வினாக்கள். மாற்று எதையும் முன்வைக்காத எதிர்ப்பு வெறுஞ்சினமாகவே எஞ்சும். அச்சினம் எங்கே போய் விழும் என்பதைப் பர்மா காட்டிவிட்டது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் இடிக்கப்பட்ட மாளிகைகளின் தேக்குக் கதவுகளும் தூண்களும் இன்று விலைக்கு நிற்கின்றன. ஐராவதிக் கழிமுகத்தின் வயல்கள் நகரத்தார் கையை விட்டுப் போய் முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கடன் கொடுத்தவரின் செல்வமும் நிலைக்கவில்லை. கடன்பட்டவரின் கிளர்ச்சியும் அவருக்கு வளமான வாழ்வைத் தந்துவிடவில்லை. இடையில் நின்ற எளியவர்களின் உயிரும் உடைமையும் போயின. விடுதலை வேண்டும் என்ற தாராளவாதத்தின் கோரிக்கை தவறன்று. அந்த விடுதலையின் விலையை வலுவற்றவர் மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடே தவறு. அதனை மாற்ற முனைவோர், எந்த நீதியின் பெயரால் புறப்படுகின்றோமோ அந்த நீதியை அயலாரின் வாசலிலும் காக்கக் கடமைப்பட்டவர்கள்.